பூனை முடியில் ஒட்டிய மீசை

1999ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சியரா நிறுவனம் ‘கேப்ரியல் நைட்’ வரிசையின் மூன்றாம் கணினி விளையாட்டை வெளியிட்டது. கதை நடக்கும் இடம் தென் பிரான்சின் ரென்-லெ-ஷாத்தோ என்னும் மலையூர். கடத்தப்பட்ட கைக்குழந்தை, புதையுண்ட திருச்சபை மர்மம், இரத்தம் குடிக்கும் பேய்மனிதர் எனக் கதை விரிகிறது. நாயகன் கேப்ரியலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது. வாடகைக் கடையில் இருக்கும் நல்ல வண்டி அவனுடைய நண்பன் மோஸ்லியின் பெயரில் முன்பதிவாகியிருக்கிறது. ஆகவே கேப்ரியல் மோஸ்லியாக வேடமிட வேண்டும். இதுவரை சிக்கலில்லை, இனிமேல்தான் விளையாடுவோர் தலையில் கைவைத்தனர்.

நண்பனின் கடவுச்சீட்டையும் மேற்சட்டையையும் திருட வேண்டும். பிறகு ஒரு கொட்டகைக் கதவின் அடியிலுள்ள ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்ட வேண்டும். அங்கே உலவும் பூனையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது மிரண்டு அந்த ஓட்டை வழியே ஓடும். நாடாவில் அதன் முடி ஒட்டிக்கொள்ளும். உணவறையிலிருந்து எடுத்த இனிப்புப் பாகைப் பசையாக்கி, அந்த முடியை மேலுதட்டில் ஒட்டினால் மீசை தயார். ஆனால் மோஸ்லிக்கு மீசையே கிடையாது. எனவே கடவுச்சீட்டிலுள்ள அவன் படத்தில் பேனாவால் ஒரு மீசையை வரைந்துவிட வேண்டும். மீசையில்லாத ஒருவனாக நடிக்க, மீசையுள்ள மற்றொருவன் தேவைப்படுவதில்லை. ஒட்டவும் வேண்டாம், வரையவும் வேண்டாம். இந்த எளிய உண்மை விளையாட்டை ஆக்கியோர் எவர் கண்ணிலும் படவில்லை.

2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘ஓல்ட் மேன் மர்ரி’ என்னும் நையாண்டி இணையத்தளத்தில் எரிக் வோல்பா எழுதிய கட்டுரை, இந்தப் புதிரைப் படிப்படியாக விவரித்துக் காட்டியது. சாகச விளையாட்டு என்னும் வகையே அக்காலத்தில் மரணப்படுக்கையில் கிடப்பதாகப் பேச்சு. துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளும், பொறுமையிழந்த புதிய தலைமுறையும்தான் அதைக் கொன்றதாக அதன் அன்பர்கள் புலம்பிக்கொண்டிருந்தனர். வோல்பா அந்தக் குற்றச்சாட்டைத் திருப்பிப் போட்டார்: எவரும் கொல்லவில்லை, அது தற்கொலை செய்துகொண்டது என்றார். கணினி விளையாட்டு மதிப்புரைகளின் வரலாற்றில் இவ்வளவு நாள் நினைவில் நின்ற கட்டுரைகள் மிகச் சிலவே. ஒரு முழு இலக்கிய வகையின் மேல் வாசிக்கப்பட்ட தீர்ப்பாக அது இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்பதை அறிய, அந்த வகை பிறந்த இடம்வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்த இடம் உண்மையிலேயே ஒரு குகை.

கெண்டக்கி மாநிலத்தின் மாமத் குகை உலகிலேயே மிக நீளமானதாக அறியப்பட்ட குகைத்தொகுதி. 1972இல் அதனையும் அருகிலுள்ள ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளையும் இணைக்கும் வழியைக் கண்டறிந்த குழுவில் பட்ரீசியா கிரௌதர் இருந்தார். அவருடைய கணவர் வில் கிரௌதரும் குகையேறியே. அவர் பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் இயங்கிய போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தின் நிரலாளர். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் கருவிகளுக்கு நிரல் எழுதியவர்களுள் ஒருவர். மணமுறிவுக்குப் பின், தம்மைப் பிரிந்து வாழும் மகள்கள் வரும்போது அவர்களோடு பகிர்ந்துகொள்ள ஏதேனும் வேண்டும் என்று எண்ணி, 1975-76 அளவில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு விளையாட்டை எழுதினார். அதில் படமில்லை. திரையில் சொற்கள் தோன்றும்; விளையாடுபவர் ஓரிரு சொற்களில் கட்டளையிடுவார்; குகை பதில் சொல்லும்.

1977இல் ஸ்டான்ஃபோர்டில் பயின்ற டான் வுட்ஸ் அந்த நிரலைக் கண்டெடுத்து, கிரௌதரின் அனுமதியோடு விரித்து எழுதினார். மாயமும் புதையலும் மதிப்பெண்ணும் பெருகின. அந்த வடிவம் அர்ப்பாநெட் வழியே பரவியபோது, நாட்டின் கணினித்துறை முழுவதும் இரண்டு வாரம் வேலை நின்றுபோனது என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

கிரௌதரின் முதல் வடிவம் தொலைந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. அது ஸ்டான்ஃபோர்டின் பழைய சேமிப்பிலிருந்து மீட்கப்பட்டபின், டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அதனை ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார். நிரலைப் படித்ததோடு நில்லாமல், குகைக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். விளையாட்டின் அறைகளும் தாழ்வாரங்களும் மாமத் குகையின் பெட்குவில்ட் பகுதியோடு பெரிதும் ஒத்திருந்தன. சுவடியை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் வேலையையும் களஆய்வாளரின் வேலையையும் ஒருங்கே செய்த அந்தக் கட்டுரை, இத்துறைக்கு ஆய்வுமதிப்பைத் தேடித்தந்த எழுத்துகளுள் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. குகைக்கு நியாயம் உண்டு. வடக்கே போனால் இன்ன அறை, கிழக்கே தவழ்ந்தால் இன்ன பிளவு என்பதை எவரும் கற்பனையால் தீர்மானிக்கவில்லை, பாறை தீர்மானித்தது. அதற்குள் வைக்கப்பட்ட புதிர்களுக்கு அத்தகைய உறுதி இல்லை. சில நன்றாக இருந்தன. கையில் கோல் இருக்கும்வரை சிறுபறவை அஞ்சி நெருங்காது. கோலைக் கீழே வைத்தால் பறவை கைக்கு வரும். பலமுறை முயன்றால் பிடிபடும் புதிர் இது. இன்னொன்றில் பறவைநாகம் எதிர்ப்படும். கொல்லப் போனால், வெறுங்கையாலா என்று நிரல் ஏளனமாகக் கேட்கும். அது விடை எதிர்பாராத கேள்வி என்றுதான் எவரும் எண்ணுவர். ஆம் என்று சொன்னால் நாகம் செத்துவிழும். அறிவால் கண்டறிந்த விடையா, எரிச்சலில் தட்டிய விடையா என்று சொல்வது கடினம். சாகச விளையாட்டின் நல்லதும் கெட்டதும் பிறக்கும்போதே இரட்டையாகப் பிறந்தன.

அதே 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் ‘சோர்க்’ விளையாட்டை எழுதத் தொடங்கினர். பின்னர் அதனை விற்ற இன்ஃபோகாம் நிறுவனம் 1979இல் உருவானது. வீட்டுக் கணினி வாங்கியவர்கள் சோர்க்கை வாங்கினர். வாங்கியவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டனர். மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்வதே ஒரு தொழிலானது. மைக் டோர்ன்புரூக் என்பவர் சோர்க் பயனர் குழுவை நடத்திக் குறிப்புகளை அனுப்பலானார். அதன் விளைவு கட்புலனாகா மையில் அச்சிட்ட குறிப்புநூல்கள். கேள்வி வெளிப்படையாக இருக்கும். விடை வெற்றுக்கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். உடன் தரப்பட்ட பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு வரியாக எழும்பும். முதல்வரி மெல்லிய சாடை, அடுத்தது சற்றே வெளிப்படை, கடைசி வரி முழு விடை. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, விளையாட்டில் இல்லவே இல்லாத செய்திகள் பற்றிய பொய்க்கேள்விகளும் இடையிடையே வைக்கப்பட்டன. மாணவனுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இவ்வளவு நுட்பமாக எண்ணிய பாடநூல்கள்கூட அரிது.

மதிப்புரை என்னும் வடிவம் இக்குறிப்புகளின் மடியில்தான் வளர்ந்தது. 1981இல் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழில் ஸ்கார்பியா என்னும் புனைபெயரில் ஒரு பெண் எழுதிவந்தார். 1980களின் முற்பகுதியிலிருந்து 1990களின் இறுதிவரை அவர் எழுத்தின் காலமே. அவருடைய இயற்பெயர் இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை. ஒரு பத்தியில் விளையாட்டை முழுக்க முடித்துவிட்டு அதன் தரத்தைக் கூறுவார். இன்னொரு பத்தியில் மாட்டிக்கொண்ட வாசகரின் கடிதங்களுக்குக் குறிப்புத் தருவார். தேளின் கொடுக்கு அவர் பெயரில் மட்டும் இல்லை. பிடிக்காத முடிவுகளை, அலுப்பூட்டும் அலைச்சல்களை, தர்க்கமற்ற புதிர்களை அவர் விட்டுவைக்கவில்லை. அவருடைய கடுமையான உரையொன்றுக்குப் பதிலாக, ‘மைட் அண்ட் மேஜிக்’ வரிசையின் அடுத்த விளையாட்டில் அவர் பெயர்கொண்ட பூதம் ஒன்று வைக்கப்பட்டது. விமர்சகரை வெட்டிச் சாய்க்கும் வாய்ப்பை வாசகருக்கு அளித்த ஆசிரியர் வேறு எந்தக் கலையிலும் உண்டா என்பது ஐயமே.

குறிப்புத் தருபவரும் தரம் கூறுபவரும் ஒருவரே என்னும் நிலை அக்கால மதிப்புரைக்கு ஒரு வலிமையைத் தந்தது: எந்தப் புதிரில் எத்தனை பேர் தடுக்கி விழுந்தனர் என்பது அவருக்குக் கடிதக்கட்டுகளின் வழியே தெரியும். ஒரு குறையையும் தந்தது. மாட்டிக்கொள்வதே இந்தக் கலையின் இயல்பு என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். சாடை சொல்லப் புத்தகம் இருக்கையில், நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் தொலைபேசி இணைப்பு இருக்கையில், புதிர் நியாயமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் எழவில்லை.

எடுத்துக்காட்டுகள் ஏராளம். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ வழியே இக்கலைக்குப் படம் சேர்த்தவர்; 1984இல் அவர் தந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ படத்துக்குள் நடமாடும் மனிதனைச் சேர்த்தது. அதில் ஒரு குள்ளன் தன் பெயரைச் சொல்லச் சொல்வான். ஐரோப்பியத் தேவதைக்கதை தெரிந்தவருக்கு ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்று தெரியும். பின்னோக்கி எண்ணுவது நல்லது என்று ஓரிடத்தில் குறிப்பும் உண்டு. பெயரைத் தலைகீழாக எழுதினால் தவறு. ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாம் எழுத்துக்கு அதற்கு முந்தையது என்று மாற்றிப் பெயரை எழுத வேண்டும். அதே ஆண்டில் இன்ஃபோகாம் வெளியிட்ட ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ இன்னும் கொடிது. டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து எழுதியது. தொடக்கத்தில் தெருவில் நிற்கும் நாய்க்கு ஒரு சாண்ட்விச் போடாமல் கடந்துவிட்டால், பலமணி நேரம் கழித்து, விண்வெளியெல்லாம் சுற்றியபின், அதே நாய் விழுங்கிவிடும். அதற்குள் உலகமே அழிந்திருக்கும். திரும்பிப்போய் நாய்க்கு உணவிட வழியில்லை. நகைச்சுவையாக அது அபாரம். விளையாட்டாக அது வஞ்சகம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் மதிப்புரையாளரின் தலைவலி.

முதல் முறையான எதிர்ப்பு விமர்சகரிடமிருந்து வரவில்லை, ஆக்கியவரிடமிருந்தே வந்தது. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’ ஆக்கிய ரான் கில்பர்ட், 1989இல் சாகச விளையாட்டுகள் ஏன் சகிக்கவில்லை என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கான ஓர் இதழில் வெளிவந்த அது, சட்டத்தொகுப்பின் நடையில் அமைந்தது. செத்துத்தான் பாடம் கற்க வேண்டும் என்று வைக்காதீர். பூட்டைக் காண்பதற்கு முன்பே சாவியைக் கையில் திணிக்காதீர். தடையைக் கண்டபின் கருவியைத் தேடுவதே சுவை. முன்பு ஒன்றை எடுக்க மறந்தவரைப் பின்னால் வழியடைத்துத் தண்டிக்காதீர். ஆசிரியரின் மனத்தில் உள்ளதை ஊகிக்கச் சொல்லாதீர். வேதாளம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விக்கிரமாதித்தன் கதைக்குள்ளிருந்தே விடை எடுத்தான். கதைக்கு வெளியே போய்ப் பூனைமுடி சேகரிக்கவில்லை. கில்பர்ட் கேட்டதும் அவ்வளவே.

அடுத்த ஆண்டே அவருடைய ‘மங்கி ஐலண்ட்’ வந்தது. அதில் நாயகன் சாவதற்கு ஏறத்தாழ வாய்ப்பே இல்லை. வாட்போர் என்பது வசைச்சொல்லுக்கு எதிர்வசை தேடும் போட்டி. தோற்றாலும் ஒரு புதிய வசை கைவசமாகும். தோல்வியே கல்வியாகும் அந்த அமைப்பு இன்றும் புத்துணர்வோடு இருக்கிறது. ஆனால் சட்டம் எழுதியவரும் சறுக்கினார். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓர் அருவியை நிறுத்தக் குழாயின் திருகைத் திருப்ப வேண்டும். அதற்குரிய கருவி, பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் குரங்கு. தாளக்கருவியின் முள்ளில் வாழைப்பழத்தை மாட்டி ஆட்டி அதனை மயங்கச் செய்து, விறைத்த குரங்கைத் தூக்கிவந்து திருக வேண்டும். அமெரிக்கர் ஒருவகை ஸ்பேனரை ‘மங்கி ரெஞ்ச்’ என்பர். புதிரின் அடிப்படை அந்தச் சிலேடை மட்டுமே. அச்சொல் வழங்காத நாடுகளில், ஆங்கிலமே பேசும் பிரிட்டனில்கூட, அது அவிழாத முடிச்சு. கில்பர்ட் பின்னாளில் அதற்காக வருந்தினார். ஒருவருக்கு நியாயமாகத் தோன்றும் புதிர், மொழி மாறியதும் அநியாயமாகிவிடுகிறது. இந்தச் செய்தியை அன்றைய அமெரிக்க இதழ்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. எழுதியவர்களும் வாசித்தவர்களும் ஒரே மொழிக்குள் இருந்தனர்.

1993இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் ‘மிஸ்ட்’ விளையாட்டை வெளியிட்டனர். ஆளற்ற தீவு, நூலகம், கிழிந்த பக்கங்கள். சாவில்லை, சேகரிக்கும் பையில்லை, பேச ஆளில்லை. குறுந்தகட்டுக் கருவி வாங்கியவர் பலரும் இதற்காகவே வாங்கினர். 60 இலட்சம் படிகளுக்கு மேல் விற்று, 2002இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் அதிகம் விற்றது அதுவே. பழைய கையாளிகளோ, அசையாப் படங்களின் வரிசை என்று ஒதுக்கினர். விளையாடியே அறியாதவர்கள் இலட்சக்கணக்கில் நேசித்த ஒன்றை, விளையாடித் தேர்ந்தவர்கள் இகழ்ந்தனர். எவர் அளவுகோலால் அளப்பது என்ற சிக்கல் அங்கே தொடங்கி இன்னும் தீரவில்லை.

மீண்டும் மீசைக்கு வரலாம். வோல்பாவின் தீர்ப்பு பாதி சரி. கதாபாத்திரம் எண்ணாததை, கதை கோராததை விளையாடுபவர் செய்ய வேண்டியிருந்தது. கில்பர்ட்டின் எச்சரிக்கை வந்து பத்தாண்டு கடந்தும் அது தொடர்ந்தது. மறுபாதியைப் பலர் எண்ணுவதில்லை. அந்த விளையாட்டின் ஆசிரியர் ஜேன் ஜென்சன், முதலில் திட்டமிட்ட புதிர் செலவைக் கருதி நீக்கப்பட்டதையும், மீசைப்புதிர் அதன் இடத்தை நிரப்பத் தயாரிப்பாளர் சேர்த்தது என்பதையும் பின்னர் தெரிவித்தார். அதே விளையாட்டில் ‘செந்நாகம்’ என்ற பொருள்படும் பிரெஞ்சுப் பெயருடைய நெடும்புதிர் ஒன்று உண்டு. ஒரு மர்மக் கவிதையின் பகுதிகளை உண்மையான நிலப்படத்தின் மேல் வடிவியல் கோடுகளாக மாற்றி மாற்றி இறுதியில் ஓர் இடத்தைச் சுட்டும் அது, இவ்வகையின் தலைசிறந்த புதிர்களுள் வைத்து எண்ணப்படுகிறது. ஒரே வட்டில் இரண்டும் இருந்தன. நையாண்டிக்கு ஒன்று போதும். மதிப்புரைக்கு இரண்டும் வேண்டும்.

தற்கொலை என்ற சொல்லும் முழு உண்மையன்று. 1998இல் டிம் ஷேஃபர் ஆக்கிய ‘கிரிம் ஃபண்டாங்கோ’ மெக்சிகோவின் இறந்தோர் திருநாளையும் பழைய துப்பறியும் படங்களின் நிழலையும் சேர்த்துப் பின்னிய அருமையான படைப்பு. கேம்ஸ்பாட் தளம் அதனை அவ்வாண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்ந்தது. புகழ் குவிந்தது, விற்பனை குவியவில்லை. ஓவியம், குரல்நடிப்பு, முப்பரிமாணக் காட்சி என்று செலவு ஏறிக்கொண்டே போக, வாங்குவோர் தொகை ஏறவில்லை. 2004இல் லூகாஸ்ஆர்ட்ஸ் தன் கைவசமிருந்த ‘சாம் அண்ட் மேக்ஸ்’ தொடர்ச்சியைப் பாதியிலேயே கைவிட்டது. கணக்கேடு செய்த வேலையைப் பூனையின் தலையில் கட்டுவது எளிது.

வரலாறு இதன்பின் எடுத்த திருப்பம், கதையாசிரியர் எழுதியிருந்தால் மிகையென்று தள்ளப்படும். கேலி செய்த வோல்பாவை ஷேஃபரே தம் நிறுவனத்துக்கு எழுத அழைத்துக்கொண்டார். 2005இல் வெளிவந்த ‘சைக்கோநாட்ஸ்’ இருவரும் சேர்ந்து எழுதியது. பின்னர் வோல்பாவும் அவருடைய தள நண்பர் செட் ஃபாலிசெக்கும் வால்வ் நிறுவனத்தில் எழுத்தாளராயினர். 2007இல் ‘போர்ட்டல்’ வந்தது. சுவரில் இரு துளைகள். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவரலாம். ஒவ்வோர் அறையும் ஒரே ஒரு புதிய செய்தியைக் கற்பிக்கும். அடுத்த அறை அதனைச் சோதிக்கும். மாட்டிக்கொண்டாலும், விடை கண்முன் இருக்கிறது என்ற நம்பிக்கை குறையாது. சோதனையை நடத்தும் இயந்திரக்குரல் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்க, புதிரே கதையாகிறது. பழைய தளத்தில் இவ்விருவரும் ஒரு கேலி அளவுகோல் வைத்திருந்தனர்: விளையாட்டு தொடங்கி எத்தனை நொடியில் முதல் மரப்பெட்டி கண்ணில் படுகிறதோ அந்த அளவுக்கு ஆசிரியருக்குக் கற்பனை வறட்சி. ‘போர்ட்டல்’ விளையாட்டில் எல்லாராலும் நேசிக்கப்பட்டு, கடைசியில் எரியூட்டப்படும் துணைவன் யார் என்றால், நெஞ்சுக்குறி பொறித்த ஒரு பெட்டி.

2010களில் மதிப்புரையின் நிலம் மாறியது. 2012இல் ஷேஃபர் ஒரு புதிய சாகச விளையாட்டுக்காகப் பொதுமக்களிடம் 4 இலட்சம் டாலர் கேட்டார். 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 இலட்சம் டாலருக்கு மேல் தந்தனர். செத்ததாகச் சொல்லப்பட்ட வகைக்கு இத்தனை வாரிசுகள். அடுத்த ஆண்டு ‘கான் ஹோம்’ வந்தது. 1995ஆம் ஆண்டின் ஓரிகன் மாநிலம். ஐரோப்பாவிலிருந்து திரும்பும் மூத்த மகள், வெறிச்சோடிய வீட்டில் தங்கையின் தடயங்களைப் படித்துச் செல்கிறாள். புதிர் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மதிப்புரையாளர் கொண்டாடினர், வாங்கியவர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு மணி நேரத்துக்கு இருபது டாலரா என்று சினந்தனர். ‘நடைப்பயிற்சி விளையாட்டு’ என்று பொருள்படும் ஏளனப்பெயரும் நிலைத்தது. ஏளனமாகப் பிறந்த பெயரை அந்த வகையே பின்னர் சூடிக்கொண்டது வேறு செய்தி.

2015 ஜூன் மாதத்தில் ஸ்டீம் விற்பனைத்தளம் புதிய விதியொன்றை வகுத்தது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். நுகர்வோருக்கு நல்ல விதி. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதையை முழுக்கப் படித்துவிட்டு, நன்று என்று மதிப்புரையும் எழுதிவிட்டு, பணத்தையும் திரும்பப் பெறலாம் என்றாயிற்று. 2021இல் ‘சம்மர் ஆஃப் 58’ விளையாட்டை வெளியிட்ட எமிகா கேம்ஸ், நல்ல மதிப்புரைகள் வந்தும் இவ்வாறு திரும்பிய படிகளின் தொகையைக் காட்டி, விளையாட்டு ஆக்கத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. சிறுகதைக்குப் பக்கக் கணக்கில் விலைபேசினால் சிறுகதையாசிரியர் என்ன ஆவாரோ, அதுவே இங்கும்.

இக்காலத்தின் மிகச்சிறந்த புதிர்க்கதை லூகாஸ் போப் என்னும் தனியொருவர் பெரும்பாலும் தாமே ஆக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. 2018இல் வெளிவந்தது. 1802இல் இலண்டனிலிருந்து கீழைநாடு நோக்கிப் புறப்பட்ட வணிகக்கப்பல் காணாமற்போய், 1807இல் உயிருள்ள ஒருவருமின்றி ஃபால்மத் துறையில் ஒதுங்குகிறது. விளையாடுபவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அலுவலர். கப்பலில் இருந்த 60 பேரின் பெயரும் முடிவும் கண்டறிந்து பேரேட்டில் எழுத வேண்டும். ஒரு மாயக்கடிகாரம் ஒவ்வொரு பிணத்தின் கடைசிக் கணத்தை மட்டும் காட்டும். மூன்று பேரின் விவரம் சரியாகும்போது மட்டுமே பேரேடு உறுதி செய்யும். ஆகவே குருட்டு ஊகம் எளிதில் பலிக்காது. உடை, பேச்சின் தொனி, தொங்கும் படுக்கையின் எண், யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பன எல்லாம் சான்று. கில்பர்ட் 1989இல் கேட்டது ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து முழுமையாகக் கிடைத்தது.

கம்பெனிக் கப்பல்களில் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகள் உழைத்தது வரலாறு. போப்பின் பேரேட்டிலும் நாடு ‘இந்தியா’ என்று குறிக்கப்பட்டோர் உண்டு; ஆனால் சாலமன் சையது போன்ற பெயர்களைக் காணும் இந்திய வாசகர் புருவம் உயர்த்தாமல் இருக்க முடியாது. கப்பலின் கயிறுகளிலும் கட்டமைப்பிலும் அவ்வளவு கவனம் காட்டிய ஆசிரியர், அந்தப் பெயர்களில் சற்று அசட்டையாக இருந்துவிட்டார். பெயரைக் கண்டறிவதே விளையாட்டின் உயிர் என்பதால் இது சிறுகுறையென்று தள்ளத்தக்கதன்று. எனினும் இவ்விளையாட்டைப் பற்றி மதிப்புரையாளர் அதற்குமேல் என்ன சொல்வது? எந்தச் சான்று அழகானது என்று சொன்னால் அந்த அழகு வாசகருக்குக் கிடைக்காது. ஒருமுறை முடித்தவர் மறுமுறை அறியாதவராக முடியாது. 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ பற்றியும் இதே நிலை: எதுவும் படிக்காமல் விளையாடுங்கள் என்று எழுதுவதே பலருடைய மதிப்புரையாயிற்று. மை தேய்த்தால் ஒவ்வொரு வரியாக எழும்பிய அந்தப் பழைய குறிப்புநூலின் நுட்பத்துக்கு இன்றைய மதிப்புரையில் இணை இல்லை.

2023இல் டொராண்டோவிலிருந்து ‘வெண்பா’ வெளிவந்தது. கனடாவுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். கதை 1988இல் தொடங்குகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த, தாயின் சமையல் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே புதிர். மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அதாவது பணம் திரும்பும் எல்லைக்குள். குறுகியது என்ற குறை மதிப்புரைகளில் இடம்பெற்றது. 2024இல் சுயேச்சை விளையாட்டு விழாவின் முதற்பரிசும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் அதற்கே கிடைத்தன.

அதன் முதல் புதிர் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் சேரும் என்பதை, பாதி அழிந்த படத்தைக் கொண்டு கண்டறிய வேண்டும். மாண்ட்ரியலில் இருக்கும் மதிப்புரையாளர் துளைகளின் இடத்தை நோக்கி, ஆவியின் போக்கை எண்ணி, ஓரிரு முறை தவறிப் பின் சரியாக அடுக்குவார். அவருக்கு அது நல்ல புதிர். மதுரையில் இருப்பவர் குறிப்பேட்டைப் பார்க்கவும் மாட்டார். கை தானாகவே ஒரு தட்டின் குழி மேல் மற்றொரு தட்டின் குழி நேராக வராதபடி திருப்பி வைத்துவிடும்.